ஒரு நாளுக்கு ஒரு நண்பர்: பெர்சோனா 5 ராயல் ஆடத் தொடங்குபவர்களுக்கு

முதல் தடவை ஆடியபோது இந்த வீடியோ கேமுக்கு 90 மணி நேரத்துக்கு மேல் செலவழித்தேன். பள்ளிக்கூடத்து மருத்துவ அறையில் மாருகி என்று ஓர் ஆலோசகர் உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர், கொஞ்சம் அசடு. "இவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். நவம்பர் நடுவில் அவர் பள்ளியை விட்டுப் போய்விட்டார். டிசம்பரில் கதை ஒரு மாதிரி முடிந்து, பெயர்ப்பட்டியல் ஓடியது. ராயல் பதிப்பில் புதிதாகச் சேர்த்த மூன்றாம் கல்விப் பருவம் முழுக்க என் கண்ணிலேயே படவில்லை. அதற்காகத்தான் காசு கொடுத்து ராயலை வாங்கியிருந்தேன்.

அந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கதையின் திருப்பங்களைச் சொல்ல மாட்டேன். நாட்களை எப்படிச் செலவழிப்பது, யாரை எப்போது பார்ப்பது என்பதைப் பற்றித்தான் பேச்சு.

இது என்ன மாதிரி விளையாட்டு

ஜப்பானிய ஆர்பிஜி என்றால் பொதுவாக ஊர் ஊராகப் போய், அரக்கர்களை அடித்து, லெவல் ஏற்றி, கடைசியில் பெரிய அரக்கனை அடிப்பது. பெர்சோனா தொடரில் அதெல்லாம் உண்டு. ஆனால் பாதி நேரம் நீங்கள் பள்ளி மாணவன். காலையில் ரயில், வகுப்பில் கேள்வி, மாலையில் நண்பன், இரவில் பகுதி நேர வேலை. யாரோடு எவ்வளவு பழகினீர்கள் என்பதைப் பொறுத்துச் சண்டையில் உங்கள் பலம் ஏறும்.

இந்த அமைப்பு ஒரே நாளில் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1994இல் கொனாமி வெளியிட்ட டோக்கிமெக்கி மெமோரியல், பள்ளி நாட்காட்டியை வைத்து நட்பும் காதலும் வளர்க்கும் விளையாட்டாக ஜப்பானில் பெரிய பெயர் வாங்கியது. 1996இல் சேகாவின் சகுரா வார்ஸ் அந்தப் பழக்கத்தைப் போர்க்களத்தோடு சேர்த்துக் கட்டியது. அட்லஸ் நிறுவனம் 2006இல் கொண்டுவந்த பெர்சோனா 3 அதற்கு 'சோஷியல் லிங்க்' என்று பெயர் வைத்தது. ஒவ்வொரு நண்பருக்கும் ஜோசியம் பார்க்கும் டாரோ சீட்டு ஒன்று, ஒவ்வொரு சீட்டுக்கும் பத்து ரேங்க். பெர்சோனா 5இல் அதே சங்கதிக்குக் 'கன்ஃபிடன்ட்' என்று பெயர். அசல் 5 ஜப்பானில் 2016 செப்டம்பரில் வந்தது. விரிவாக்கிய ராயல் பதிப்பு 2019 அக்டோபரில் அங்கே வந்தது, மற்ற நாடுகளுக்கு 2020 மார்ச்சில். 2022 அக்டோபரிலிருந்து பிசி, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்5 எல்லாவற்றிலும் ஆடலாம்.

வாங்குவதென்றால் ராயலையே வாங்குங்கள். பழைய 5 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிசி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி அடிக்கடி வரும், பொறுத்திருந்தால் நல்ல விலைக்கு மாட்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் வாசிப்பு அதிகம். ஒரு தடியான நாவலுக்குரிய வசனம் இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். குரலை ஜப்பானிய மொழிக்கு மாற்றிக்கொண்டு வசனத்தை வாசிப்பது என் பழக்கம். அவசரப்பட்டு ஒரு வரியைத் தாண்டிவிட்டால், போன வசனங்களைத் திரும்பப் பார்க்க ஒரு பட்டியல் உண்டு. அதற்கான பட்டன் எது என்று முதல் நாளே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கஷ்ட அளவில் நார்மல் போதும். கதைக்காக மட்டும் வருகிறவர்கள் ஈஸி எடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

முதலில் பிடிபட வேண்டியது: நாள்தான் காசு

ஏப்ரல் 9ஆம் தேதி கதாநாயகன் டோக்கியோவில் வந்து இறங்குகிறான். செய்யாத குற்றத்துக்கு வழக்கு, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. யோங்கென்-ஜாயா என்ற சந்துகள் நிறைந்த பகுதியில், லெப்ளாங்க் என்ற காபிக் கடையின் மாடியில் தூசு படிந்த அறை. கடை முதலாளி சோஜிரோ முகம் கொடுத்தே பேச மாட்டார். நிஜ டோக்கியோவின் சாங்கென்-ஜாயாவைப் பார்த்து வரைந்த ஊர் அது.

முதல் சில நாட்கள் கதை உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது. எங்கே போனாலும் உங்கள் பையில் உட்கார்ந்திருக்கும் மோர்கனா என்ற பூனை, "இன்று களைத்திருக்கிறாய், தூங்கு" என்று விரட்டிக்கொண்டே இருக்கும். பல பேர் இங்கேயே சலித்து விட்டுவிடுகிறார்கள். பொறுங்கள். ஏப்ரல் பிற்பாதியில் கட்டு அவிழும்.

அவிழ்ந்ததும் கணக்கு இதுதான். பள்ளி முடிந்த மாலை ஒரு பொழுது, இரவு ஒரு பொழுது. ஒரு நாளில் இந்த இரண்டுதான் உங்கள் கையில். நண்பரோடு ஒரு சந்திப்பு ஒரு பொழுதைத் தின்னும். படிப்பு, வேலை, குளியல், சினிமா எல்லாமே அப்படித்தான். 'பேலஸ்' என்ற எதிரிக் கோட்டைக்குள் நுழைந்தால் மாலையும் போய்விடும், வெளியே வந்ததும் பூனை தூங்கச் சொல்லிவிடும், இரவும் போய்விடும்.

ஒவ்வொரு பேலஸுக்கும் கெடு உண்டு. முதலாவதற்கு மே 2. அதற்குள் முடிக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. கெடுவுக்கு முந்தின நாள் போய் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வழியைக் கண்டுபிடிக்க ஒரு பயணம், பிறகு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப ஒரு நாள், அதற்கு மறுநாள்தான் கோட்டைக்குள் இருக்கும் புதையலைத் திருடுவது. ஆகவே கெடுவுக்கு முன் மூன்று நான்கு நாட்களாவது கையிருப்பு வேண்டும்.

என் சிபாரிசு, பேலஸ் திறந்த உடனே, கூடுமானால் ஒரே பயணத்தில் வழியை முடித்துவிடுங்கள். மூன்று தடவை போய் வந்தால் மூன்று நாள் காலி. ஒரு தடவையில் முடித்தால் மிச்சம் இருக்கும் வாரங்கள் முழுக்க உங்களுடையவை.

ஒரே பயணத்தில் முடிக்கவிடாமல் தடுப்பது எஸ்பி. மந்திரம் போட்டால் எஸ்பி குறையும். தீர்ந்துவிட்டால் எதிரியின் பலவீனத்தை அடிக்க முடியாது, திரும்பி வர வேண்டியதுதான். எஸ்பியை எங்கே சம்பாதிப்பது? இங்கேதான் நட்பு உள்ளே வருகிறது.

மருந்துக்கடைச் சந்து

லெப்ளாங்க்கிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஒரு சின்ன கிளினிக். உள்ளே தகேமி என்ற பெண் மருத்துவர், கழுத்தில் பட்டை, கறுப்பு உடை, எதற்கும் அசையாத பேச்சு. வலி நிவாரணி வாங்கப் போன உங்களை, தான் தயாரிக்கும் புது மருந்துக்குப் பரிசோதனை எலியாக்கிக்கொள்கிறார். கோப்பையில் ஏதோ திரவம். குடித்தால் கண் இருட்டி மயங்கி விழுவீர்கள். விழித்ததும் துணிச்சல் கூடியிருக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய், ஏனென்றால் இந்த விளையாட்டில் துணிச்சல் எளிதில் கிடைக்காத சரக்கு.

அவரோடு நட்பு ஏழாம் ரேங்கை எட்டும்போது கடையில் எஸ்பி அட்ஹெசிவ் 3 என்ற பட்டை விற்பனைக்கு வரும். அணிந்துகொண்டால் சண்டையில் உங்கள் முறை வரும்போதெல்லாம் எஸ்பி ஊறும். விலை ஒரு லட்சம் யென். ஒன்றே ஒன்று வாங்கி உங்கள் முக்கிய மந்திரக்காரருக்குப் போட்டால் போதும், அதன் பிறகு பேலஸில் எஸ்பி தீர்ந்து திரும்பி வரும் பேச்சே இருக்காது.

இந்தச் சங்கிலியைப் பாருங்கள். மருத்துவரிடம் போன மாலைகள் பட்டையாகின்றன, பட்டை எஸ்பியாகிறது, எஸ்பி மிச்சமான நாட்களாகிறது, அந்த நாட்கள் மீண்டும் நண்பர்களுக்குப் போகின்றன. விளையாட்டு முழுக்க இப்படி வட்டி போட்டு வளரும் முதலீடுகள்தான். முதலில் யாரிடம் போடுகிறோம் என்பதில்தான் வித்தை.

அதனால் ஏப்ரல், மே, ஜூனில் என் வரிசை இப்படி இருக்கும். முதலில் தகேமி. அடுத்து காபிக் கடை சோஜிரோ: மனிதர் மெல்ல இளகி, காபி போடவும் கறி சமைக்கவும் கற்றுத் தருவார். நீங்களே போட்ட காபியை பேலஸுக்கு எடுத்துப் போனால் அதுவும் எஸ்பி தரும். மூன்றாவது, உங்கள் வகுப்பாசிரியை காவகாமி. பணக் கஷ்டத்தில் இரவில் வீட்டு வேலைக்குப் போகிறவர். அவரை அழைக்க ஒவ்வொரு முறையும் 5000 யென் ஆகும், நட்பைத் தொடங்கவே துணிச்சல் மூன்றாம் நிலை வேண்டும். ஆனால் முதல் ரேங்கிலேயே வகுப்பு நேரத்தில் நீங்கள் வேறு வேலை பார்ப்பதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். பத்தாம் ரேங்கில், பேலஸ் போய் வந்த இரவிலும் வெளியே கிளம்பும் அளவுக்குக் களைப்பைப் போக்கிவிடுவார். அதாவது பூனையின் வாயை அடைக்கும் ஒரே ஆள் இவர்தான். கோடை முடிவதற்குள் அவரைப் பத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அதன் பிறகு நாள் பற்றாக்குறையே தெரியாது.

நாலாவதாக, கையில் லட்சம் யென் சேர்ந்ததும் ஷின்ஜுகுவில் தெருவோரம் ஜோசியம் சொல்லும் சிஹாயா. முதல் தடவை லட்சம் ரூபாய்க்குப் பரிகாரக் கல் விற்கும் ஆசாமி போல, லட்சம் யென்னுக்கு ஒரு 'புனிதக் கல்'லை உங்கள் தலையில் கட்டுவார். ஏமாற்று என்று தெரிந்தே வாங்குங்கள். நட்பு வளர்ந்தபின் 5000 யென் கொடுத்தால், நீங்கள் சொல்லும் ஆளோடு உங்கள் நெருக்கத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடுவார். ரேங்க் ஏற ஓரிரு புள்ளி குறையும்போது ஒரு முழு நாளை இது காப்பாற்றும்.

சந்திப்பின் உள்கணக்கு

ஒருவரைப் பார்த்ததும் ரேங்க் ஏறிவிடாது. உள்ளே புள்ளிக் கணக்கு ஒன்று ஓடுகிறது. பேசும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் பதில் அவருக்குப் பிடித்திருந்தால் தலைக்கு மேல் இசைக் குறிகள் எழும்பும். ஒன்று என்றால் சுமார், மூன்று என்றால் பிரமாதம். போதுமான புள்ளி சேர்ந்திருந்தால்தான் அடுத்த சந்திப்பில் ரேங்க் ஏறும்.

ஏறுமா என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆளிடம் போய்ப் பேசும்போது, போகலாமா வேண்டாமா என்று கேட்பதற்கு முன் ஒரு வரி வரும். "நெருக்கம் விரைவில் கூடும் என்று தோன்றுகிறது" என்ற பொருளில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். இன்னும் ஆகவில்லை என்ற மாதிரி இருந்தால், இன்று போனாலும் புள்ளி மட்டும்தான், ரேங்க் கிடையாது. புதிதாக ஆடுகிறவர்கள் அந்த வரியை வாசிக்காமலே பட்டனைத் தட்டிவிடுகிறார்கள். நானும் தட்டியவன்தான்.

புள்ளியைக் கூட்ட எளிய வழி, அந்த நண்பரின் டாரோ சீட்டை, அதாவது அர்கானாவைச் சேர்ந்த பெர்சோனாவை (சண்டையில் நீங்கள் அழைக்கும் உருவம்) கையில் வைத்துக்கொண்டு போவது. தகேமியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மரண அர்கானா, சிஹாயா என்றால் அதிர்ஷ்ட அர்கானா. கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம் பெர்சோனா பட்டியலைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெல்வெட் ரூம் என்ற இடத்தில், இருக்கிற பெர்சோனாக்களைக் கலந்து புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

பெர்சோனா என்பது உலகப் புராணங்களிலிருந்து எடுத்த உருவங்கள். நம் வீட்டுச் சாமிகளும் அங்கே நிறைய இருக்கிறார்கள். அதிர்ஷ்டத்துக்கு லட்சுமி, ஞானமும் மௌனமும் உள்ள பூசாரிணி அர்கானாவுக்குச் சரஸ்வதி, அனுமன், கருடன், விஷ்ணு, விநாயகர் என்று பட்டியல் நீளும். வெல்வெட் ரூமில் தலை வெட்டும் கில்லட்டினில் இரண்டு பேரைக் கலந்து அனுமனை எடுக்கும்போது முதல் தடவை எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பழகிவிட்டது. இந்தக் கலப்பில்தான் நட்பின் நேரடிப் பலன் தெரியும்: சிஹாயாவோடு ரேங்க் கூடக் கூட, அதிர்ஷ்ட அர்கானாவில் நீங்கள் உருவாக்கும் எல்லா பெர்சோனாவும் கூடுதல் அனுபவப் புள்ளியோடு பிறக்கும். பத்தை எட்டினால் அந்த அர்கானாவின் உச்சமான உருவம் திறக்கும்.

ஐந்து குணங்கள்

சிலர் நீங்கள் யார் என்று பார்த்துத்தான் வாயைத் திறப்பார்கள். அறிவு, துணிச்சல், கைத்திறன், கனிவு, வசீகரம் என்று ஐந்து குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. மாணவர் தலைவி மகோதோவுக்கு அறிவு மூன்று இருந்தால்தான் கதவு திறக்கும், பாதியில் வசீகரம் ஐந்து கேட்பாள். துப்பாக்கிப் பொம்மைக் கடை இவாய்க்குத் துணிச்சல் நான்கு. பின்னால் கூட்டாளியாகும் ஃபுதாபாவுக்குக் கனிவு நான்கு. இன்னொரு கூட்டாளி ஹாரு இலையுதிர் காலத்தில் மிகத் தாமதமாகத்தான் கிடைப்பாள், வந்ததும் கைத்திறன் ஐந்து கேட்பாள். அப்போதுபோய்க் கைத்திறனைத் தேற்ற நேரம் இருக்காது. அதை மட்டும் கோடையிலேயே முடித்து வையுங்கள்.

குணங்களை ஏற்றுவதில் தங்க விதி, நாள் போகாமல் ஏறும் வழிகளை முதலில் உறிஞ்சிவிடுவது. காலை ரயிலில் சில நாள் உட்கார இடம் கிடைக்கும். உடனே புத்தகத்தைத் திறந்துவிடுங்கள், அதற்கு ஒரு பொழுதும் செலவாகாது. அதற்குப் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எப்போதும் பையில் இருக்க வேண்டும். இரவில் லெப்ளாங்க் மேசையில் குறுக்கெழுத்துப் புதிர் கிடந்தால் போட்டுவிடுங்கள், அதற்கும் பொழுது செலவாகாது. வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்குச் சரியாகச் சொன்னால் அறிவு. ஷிபுயா சுரங்கப் பாதையில் 5000 யென்னுக்குக் கீரைச்சாறு விற்கும் கடை ஒன்று உண்டு, ஞாயிறு தோறும் சரக்கு மாறும். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தால் குணம் ஏறும்.

பொழுது செலவழிப்பதாக இருந்தால் இரட்டைப் பலன் உள்ளதைப் பாருங்கள். பிக் பேங்க் பர்கர் கடையில் மலை போன்ற பர்கரைத் தின்னும் சவால் ஒரே நேரத்தில் பல குணங்களை ஏற்றும். மழை நாளில் நண்பர்கள் பலர் வெளியே வர மாட்டார்கள். படிப்புக்கு அன்றுதான் கூடுதல் பலன். மழை பெய்தால் ஷிபுயா உணவகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து படிப்பது எனக்குப் பிடித்த மாலைகளில் ஒன்று. கண்ணாடியில் நீர் வழியும், பின்னால் மெல்லிசை ஓடும், செய்கிற வேலையோ தேர்வுக்குப் படிப்பது.

ஓட்டு கேட்கும் கிழவர்

சண்டையில் கூட வரும் கூட்டாளிகளோடு மட்டும் பழகினால் போதும் என்று நினைக்காதீர்கள். எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்தவர் சண்டையில் ஒரு அடி கூட அடிக்காதவர்.

ஷிபுயாவில் மாட்டிறைச்சிச் சோற்றுக் கடை ஒன்றில் இரவு வேலைக்குச் சேருங்கள். வாடிக்கையாளர்கள் வரிசையாக ஆர்டர் சொல்வார்கள், நினைவில் வைத்துப் பரிமாற வேண்டும். இரண்டாம் தடவை வேலைக்குப் போகும்போது யோஷிதா என்ற முதியவர் அறிமுகமாவார். ஒரு காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர், பழைய ஊழல் ஒன்றில் பெயர் கெட்டு, தேர்தல் தோறும் தோற்றுக்கொண்டிருப்பவர். ஞாயிறு இரவுகளில் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று பேசுவார். கூட்டம் அவரைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போகும். பழைய சங்கதியைச் சொல்லி யாராவது கூச்சல் போடுவார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கூட்டம் சேர்க்க உதவுவீர்கள், எங்கே தடுமாறினார் என்று பேச்சு முடிந்ததும் சொல்வீர்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம்? பெர்சோனாக்களைப் பேசி மயக்கித்தான் பிடிக்க வேண்டும், அந்தப் பேச்சுவார்த்தையில் கை ஓங்கும். பணமும் பொருளும் அதிகம் கறக்கலாம். லாபத்தை விடுங்கள். ஒரு மனிதர் தன் தவறை ஒளிக்காமல் பெட்டி மேல் ஏறி நிற்பதைப் பல ஞாயிறுகள் பக்கத்தில் நின்று பார்ப்பது, எந்தப் பேலஸையும் விட எனக்கு நினைவில் நிற்கிறது. ஞாயிறு இரவு வாரத்துக்கு ஒன்றுதான். அதனால் மே மாதத்திலேயே அவரைப் பிடித்துவிடுங்கள். செப்டம்பரில் தொடங்கினால் வாரங்கள் போதாது.

மற்ற ஆட்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அகிஹபாராவின் விளையாட்டுக் கடைச் சிறுவன் ஷின்யா, துப்பாக்கியால் எதிரியைக் கீழே தள்ளும் வித்தை தருவான். தேவாலயத்தில் ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆடும் ஹிஃபுமி, சண்டை நடுவில் ஆளை மாற்ற விடுவாள், வசீகரம் மூன்று வேண்டும். வகுப்புத் தோழன் மிஷிமா, களத்தில் இல்லாத கூட்டாளிகளுக்கும் அனுபவப் புள்ளி வாங்கித் தருவான். உங்கள் முதல் பள்ளித் தோழன் ரியூஜியின் ஏழாம் ரேங்க், பலம் குறைந்த எதிரிகளை ஓடி வந்து மோதியே தீர்க்கும் வசதி. கதாநாயகன் விழுந்தால் ஆட்டமே முடியும் என்பதால், உயிர் போகிற அடியைத் தங்கள் மேல் வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் கூட்டாளிகளை நெருங்கியவர்களாக்குவது சண்டைக்கும் நல்லது.

இன்னொரு விஷயம், மெமென்டோஸ். அது எல்லோருக்கும் பொதுவான நிலத்தடிக் கோட்டை. நண்பர்கள் சிலரின் கதை பாதியில் நின்று, மெமென்டோஸில் ஒருவனைத் திருத்தினால்தான் நகரும். அப்படி ஒன்று வந்த உடனே ஓடாதீர்கள். ஐந்தாறு வேலை சேரட்டும், ஒரே நாளில் முடியுங்கள்.

சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய மூன்று தேதிகள்

என்னைப் போல ஏமாறாமல் இருக்க இந்த மூன்று போதும். மாருகியின் ரேங்க் ஒன்பது, நவம்பர் 17க்குள். இளம் துப்பறிவாளன் அகேச்சியின் ரேங்க் எட்டு, நவம்பர் 24க்குள். பள்ளியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கசுமியின் ரேங்க் ஐந்து, டிசம்பர் 17க்குள். முதலாவது தவறினால் மூன்றாம் பருவமே இல்லை. மற்ற இரண்டும் தவறினால் அந்தப் பருவம் அரைகுறை. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள், ஆடினால் தெரியும்.

மூவரும் சில நாட்களில் மட்டும்தான் கிடைப்பார்கள். ஆகவே இவர்கள் தென்பட்டால் அன்று வேறு யாரும் வேண்டாம். மாருகி இருக்கிறாரா என்று பள்ளி நாள்களில் மருத்துவ அறையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

சேவ் கோப்பை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதாமல், வாரத்துக்கு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பேலஸுக்குள் எஸ்பி இல்லாமல் மாட்டிக்கொண்டால் முந்தின வாரத்துக்குத் திரும்பலாம்.

காதலைப் பற்றி ஒரு வார்த்தை. பெண் நண்பர்கள் பலரின் கதையில் ஒன்பதாம் ரேங்க் அருகே, தோழியா காதலியா என்று ஒரு பதிலில் முடிவாகும். தோழியாகவே இருந்தாலும் பத்தாம் ரேங்க் வரும், திறன்கள் எதுவும் குறையாது. பல பேருக்கு ஒரே பதிலைச் சொல்லி வைத்தால் பிப்ரவரியில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

முதல் தடவையிலேயே எல்லோரையும் பத்துக்குக் கொண்டுபோக, தேதிவாரியாக எழுதிய அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கும். முதல் ஆட்டத்துக்கு அவை வேண்டாம். அட்டவணையைப் பார்த்துக்கொண்டு ஆடுவது அலுவலக வேலை மாதிரி ஆகிவிடும். மேலே சொன்ன மூன்று தேதி, முதல் நான்கு ஆட்கள், இது மட்டும் போதும். மீதியில் உங்களுக்குப் பிடித்தவரைப் பாருங்கள், சிலரைத் தவற விடுங்கள்.

இது பிடித்துவிட்டால் அடுத்து

சின்ன ஊர் வேண்டுமென்றால் பெர்சோனா 4 கோல்டன். டோக்கியோ கூச்சல் இல்லாத இனாபா என்ற ஊர், போலீஸ்கார மாமா தோஜிமா, அவருடைய மகள் நானாகோ. மாமா வீட்டுக்கு வராத இரவுகளில் அந்தக் குழந்தை தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்து கடை விளம்பரப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். சண்டை கொஞ்சம் பழைய வாடை, குடும்பப் பாசம் இதில்தான் அதிகம். கெடு இங்கே தேதி அல்ல, வானிலை: தொடர்ந்து மழை பெய்து மூடுபனி இறங்குவதற்குள் ஆளைக் காப்பாற்ற வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த பெர்சோனா 3 ரீலோட் இருட்டான கதை. அதில் கோட்டை ஏறுவது இரவில்தான், மாலைப் பொழுது முழுக்க நண்பர்களுக்கு.

புள்ளிக் கணக்கு அலுத்தால் அட்லஸின் 2024 வெளியீடான மெட்டாஃபர் ரிஃபான்டாசியோ. அங்கே தவறான பதில் என்று நட்பு தேங்காது, சந்தித்தால் ரேங்க் ஏறும்.

முற்றிலும் வேறு மாதிரி வேண்டுமென்றால் ஸ்விட்சில் 2019இல் வந்த ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ். இங்கே நீங்கள் மாணவன் அல்ல, ஆசிரியர். மடாலயப் பள்ளியில் மூன்று வகுப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஓய்வு நாளில் தொலைந்த பொருளை உரியவரிடம் கொடுப்பது, இரண்டு மாணவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சாப்பிடுவது, ஒருவருக்குப் பிடித்த தேயிலையைத் தெரிந்துகொண்டு தேநீருக்கு அழைப்பது என்று சி, பி, ஏ எனப் படிப்படியாக நெருக்கம் ஏறும். பாதியில் ஐந்து ஆண்டுகள் கடந்து போர் வரும். நீங்கள் தேநீர் கொடுத்தும் உங்கள் வகுப்புக்கு இழுத்துக்கொள்ளாத பிள்ளைகள் எதிரணியில் வாளோடு நிற்பார்கள். முதல் தடவை கேஷுவல் முறையில் ஆடுங்கள். கிளாசிக்கில் செத்தவர் செத்தவர்தான்.

அல்லது ராயலையே திரும்ப ஆடுங்கள். நியூ கேம் பிளஸ் எடுத்தால் பணமும் ஐந்து குணங்களும் பெர்சோனா பதிவேடும் கூடவே வரும். நட்பு மட்டும் வராது. ஏப்ரலில் மழைக்கு ஒதுங்கும்போது ரியூஜி உங்களை யாரென்று தெரியாத முகத்தோடு பார்ப்பான், சோஜிரோ மறுபடி முறைப்பார். இந்தத் தடவை துணிச்சல் முதல் நாளே நிறைந்திருப்பதால் தகேமியின் மருந்துக் கோப்பையைத் தயங்காமல் எடுக்கலாம், மகோதோ காத்திருக்க வைக்க மாட்டாள். மே மாதம் பள்ளி மருத்துவ அறைக்கு ஒருவர் வந்து உட்காருவார், கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.